வாங்கும் முன் ஓர் இடைவெளி

வீட்டுக்கு இன்னது தேவை என்று முடிவு செய்து, அதன் விலையை நாலு இடத்தில் விசாரித்து, கையிருப்போடு ஒப்பிட்டுப் பார்த்து ஒரு பொருளை வாங்குவது ஒரு முறை. கடைக்குள் நுழையும்வரை நினைப்பிலேயே இல்லாத ஒரு பொருளைக் கண்டதும் விரும்பி, அந்த விருப்பம் அடங்குவதற்குள் பணத்தைக் கொடுத்துவிடுவது இன்னொரு முறை. இந்த இரண்டாவது முறையைச் சந்தையியலில் உந்துதல் கொள்முதல் என்பர். மனத்தில் திடீரென எழும் உந்துதலே முடிவாகிவிடுவதால் இந்தப் பெயர். வீடுகளில் இது பெரும்பாலும் ஒருவருடைய ஊதாரித்தனமாகவோ மனவுறுதிக் குறைவாகவோ பேசப்பட்டு, மாதக் கடைசியில் சச்சரவுக்குக் காரணமாகிறது. ஆனால் கடந்த நூறாண்டுக் காலச் சில்லறை வணிகத்தின் வரலாற்றைக் கவனித்தால், ஆசை எழுவதற்கும் பணம் கைமாறுவதற்கும் நடுவே இயல்பாக இருந்துவந்த இடைவெளிகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டிருப்பது புலப்படும். நிதானமாகப் பொருள் வாங்குவது என்பது, அப்படிப் பறிபோன இடைவெளியை வாங்குபவர் தாமே மீட்டு அமைத்துக்கொள்வதாகும்.

இடைவெளிகள் மறைந்த வரலாறு

பழைய மளிகைக் கடையில் பொருள்கள் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால், மூட்டைகளிலும் டப்பாக்களிலும் இருந்தன. வீட்டில் எழுதிய மளிகைப் பட்டியலை வாசிக்க வாசிக்கக் கடைக்காரர் நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவார். பட்டியலில் இல்லாத ஒன்றை வாங்க வேண்டுமென்றால் அதை வாய்திறந்து கேட்டாக வேண்டும். கேட்பதற்கு முன் வீட்டின் தேவையும் நோட்டில் ஏறியிருக்கும் பற்றும் நினைவுக்கு வந்துபோகும். அந்தச் சில நொடித் தயக்கம் யாரும் திட்டமிடாமலே குடும்பச் செலவைக் காத்துவந்த ஒரு தடுப்பாக இருந்தது.

அந்தத் தடுப்பை முதலில் அகற்றியவர்களுள் முக்கியமானவர் அமெரிக்க வணிகர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். 1916ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் அவர் திறந்த பிக்லி விக்லி என்ற கடையில், வாடிக்கையாளர்கள் கூடையோடு உள்ளே சென்று, விலை குறிக்கப்பட்ட பொருள்களைத் தாமே எடுத்துக்கொண்டனர். நுழைபவர் எல்லா அலமாரிகளையும் கடந்த பிறகே பணம் கட்டும் இடத்தை அடையும்படி அந்தக் கடையின் பாதை வகுக்கப்பட்டிருந்தது. ஆள்கூலியை மிச்சப்படுத்தப் பிறந்த இந்த ஏற்பாடு, கேட்காமலே எடுக்கலாம் என்ற புதிய பழக்கத்தையும் உண்டாக்கியது. கைக்கூடை கனத்தால் வாங்குவது நின்றுவிடும் என்பதைக் கண்ட ஓக்லஹோமா நகர வணிகர் சில்வன் கோல்ட்மேன், 1937இல் சக்கர வண்டியை அறிமுகப்படுத்தினார். மக்கள் முதலில் அதைத் தொடத் தயங்கியதால், வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் நடப்பதற்கென்றே அவர் ஆட்களை அமர்த்தினார். கை வலி என்ற இடைவெளியும் அதோடு மறைந்தது.

1999இல் அமேசான் நிறுவனம், முகவரியையும் அட்டை விவரத்தையும் சேமித்து வைத்து ஒரே சொடுக்கில் வாங்கவைக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. இந்தியாவில் 2016இல் தொடங்கப்பட்ட யூபிஐ, சில்லறை எண்ணும் வேலையை இல்லாமலாக்கியது. 2022இல் வந்த யூபிஐ லைட், சிறு தொகைகளுக்கு ரகசிய எண்ணை இடுவதைக்கூடத் தேவையற்றதாக்கியது. இவை ஒவ்வொன்றும் மக்களுக்குப் பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. தெருவோரப் பூக்காரருக்கும் காய்கறி விற்பவருக்கும் சில்லறைத் தொல்லை தீர்ந்திருக்கிறது. ஆயினும் வசதி கூடிய அளவுக்கு யோசிக்கும் நேரம் குறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும்.

உந்துதலின் நான்கு வகைகள்

திட்டமிடாமல் வாங்குவதெல்லாம் தவறு என்று சொல்லிவிட முடியாது. 1962இல் ஹாக்கின்ஸ் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் உந்துதல் கொள்முதலை நான்காகப் பிரித்துக் காட்டினார். பார்த்ததும் பழக்கத்தை மீறி வாங்கிவிடுவது தூய உந்துதல். அலமாரியில் பருப்பைக் கண்டதும் வீட்டில் பருப்பு தீர்ந்தது நினைவுக்கு வருவது நினைவூட்டல் வகை. இதுவரை அறியாத ஒரு பொருளைப் பார்த்து, இது நமக்கு உதவும் என்று காரணம் கற்பித்துக்கொண்டு வாங்குவது தூண்டுதல் வகை. மலிவாகக் கிடைப்பதை வாங்கலாம் என்ற பொதுவான எண்ணத்தோடு கிளம்பி, எதை வாங்குவது என்பதை மட்டும் கடையின் முடிவுக்கு விட்டுவிடுவது திட்டமிட்ட உந்துதல்.

இவற்றுள் நினைவூட்டல் வகையால் தீங்கு ஒன்றும் இல்லை. பட்டியலில் விடுபட்டதை அது ஈடுசெய்கிறது. கவனம் தேவைப்படுவது மற்ற மூன்றிலும், அவற்றிலும் குறிப்பாக நான்காவதிலும்தான். ஆடித் தள்ளுபடிக்குச் சென்னை தியாகராய நகருக்கோ மதுரையின் மாசி வீதிகளுக்கோ போகும் கூட்டத்தில் கணிசமானோர் இந்த வகையைச் சேர்ந்தவர்கள். ஆடியில் திருமணம் முதலிய சுபகாரியங்கள் வைப்பதில்லை என்பதால் துணி விற்பனை மந்தமாகும் காலத்தில், தேங்கிய சரக்கை விற்றுத் தீபாவளிக்குப் புதுச் சரக்கு எடுக்க வணிகர்கள் கண்ட வழியே இந்தத் தள்ளுபடி. ஆவணியில் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர், யார் யாருக்கு என்ன எடுக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனால் அதனால் உண்மையாகவே பணம் மிச்சம். அப்படி எதுவும் இல்லாமல் போகிறவருக்கு அதே தள்ளுபடி புதிய செலவாகிறது. ஐம்பது விழுக்காடு தள்ளுபடியில் 2,000 ரூபாய்ப் புடவையை 1,000 ரூபாய்க்கு வாங்கியவர் 1,000 ரூபாய் மிச்சம் பிடித்தாரா, 1,000 ரூபாய் செலவழித்தாரா என்பது, அந்தப் புடவை முன்பே தேவைப்பட்டதா என்ற ஒரே கேள்வியைப் பொறுத்தது.

மனத்துக்குள் நடப்பது

பொருளைக் கண்டதும் எழும் ஆசையும் விலையைக் கண்டதும் வரும் தயக்கமும் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் வெளிப்படுகின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரையன் நட்சனும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு முதலில் பொருளையும் அடுத்து அதன் விலையையும் காட்டி, அவர்களது மூளையின் செயல்பாட்டைப் படம் பிடித்தனர். விரும்பிய பொருளைப் பார்த்தபோது, வெகுமதியை எதிர்பார்க்கும்போது செயல்படும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதி தூண்டப்பட்டது. விலை மிகையாகத் தோன்றியபோது, வலி, அருவருப்பு போன்ற விரும்பத்தகாத உணர்வுகளோடு தொடர்புடைய இன்சுலா என்ற பகுதி தூண்டப்பட்டது. பணத்தைப் பிரிவதில் ஒரு வருத்தம் உண்டு என்பதையும், அந்த வருத்தமே செலவுக்குக் கடிவாளமாக இருக்கிறது என்பதையும் இத்தகைய ஆய்வுகள் உணர்த்துகின்றன.

பணத்தைக் கையால் எண்ணிக் கொடுக்காதபோது இந்த வருத்தம் மங்கிவிடுகிறது. டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்களிடையே கூடைப்பந்து ஆட்டச் சீட்டுகளை ஏலம் விட்டனர். ஒரு பகுதியினரிடம் பணமாகச் செலுத்த வேண்டும் என்றும், மற்றவர்களிடம் கடன் அட்டையில் செலுத்தலாம் என்றும் கூறப்பட்டது. அட்டைக்காரர்கள் கேட்ட சராசரித் தொகை, ரொக்கமாகச் செலுத்த வேண்டியிருந்த தோழர்கள் கேட்டதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. சீட்டு ஒன்றே, ஆட்டமும் ஒன்றே. செலுத்தும் முறை மட்டுமே வேறு.

தொட்டுப் பார்ப்பதற்கும் இதில் பங்கு உண்டு. ஒரு பொருளைக் கையில் எடுத்த சிறிது நேரத்திலேயே அது தம்முடையது என்ற உணர்வு அரும்பத் தொடங்குகிறது. தம்முடையது என்று ஆனதை மனிதர்கள் கூடுதலாக மதிப்பிடுகிறார்கள் என்பதை டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990இல் வெளியிட்ட குவளைச் சோதனைகள் காட்டின. குவளையைப் பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, பெறாதவர்கள் அதே குவளையை வாங்கத் தர முன்வந்த விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதற்கு உடைமை விளைவு என்று பெயர். புடவைக் கடையில் விற்பனையாளர் சேலையைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டும்போதும், காட்சியறையில் புதுக் கைப்பேசியைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லும்போதும் இந்த விளைவு வேலை செய்கிறது.

விலைச்சீட்டின் நுட்பங்கள்

அடிக்கப்பட்ட பழைய விலைக்குக் கீழே புதிய விலையை எழுதுவது, நங்கூர விளைவு எனப்படும் மனப்போக்கைப் பயன்படுத்துவதாகும். முதலில் கண்ணில் பட்ட எண்ணையே அளவுகோலாகக் கொண்டு அடுத்த எண்ணை மதிப்பிடும் இந்தப் போக்கை ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974இல் விளக்கினர். மேலே 4,999 என்று இருந்தால் கீழே உள்ள 1,999 மலிவாகவே தோன்றும். அந்தப் பொருள் எந்த நாளிலாவது 4,999க்கு விற்கப்பட்டதா என்ற கேள்வி எழுவதில்லை. 2,000 என்று எழுதாமல் 1,999 என்று எழுதுவதும் இதைப் போன்றதே. இடமிருந்து வாசிக்கும் கண் முதல் இலக்கத்துக்கு அதிக எடை கொடுப்பதால், ஒரு ரூபாய் வேறுபாடு ஆயிரம் ரூபாய் வேறுபாடு போன்ற மயக்கத்தைத் தருகிறது.

இலவசம் என்ற சொல்லுக்கு இன்னும் வலிமை அதிகம். டான் ஏரியலியும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஒரு சோதனையில், உயர்தரச் சாக்லேட் 15 சென்டுக்கும் சாதாரணச் சாக்லேட் 1 சென்டுக்கும் விற்கப்பட்டபோது பெரும்பாலோர் உயர்தரத்தையே எடுத்தனர். இரண்டின் விலையும் ஒரு சென்ட் குறைக்கப்பட்டுச் சாதாரணச் சாக்லேட் இலவசமானதும், பெரும்பாலோர் அந்தப் பக்கம் சாய்ந்தனர். விலை வேறுபாடு அதே 14 சென்டாக இருந்தபோதும் தேர்வு தலைகீழானது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அறிவிப்பைக் கண்டு, ஒன்றே போதுமானவர் இரண்டுக்குப் பணம் கொடுப்பதற்கு இதுவே காரணம்.

களைப்பும் கவலையும்

ஒரே மனிதர் எல்லா நேரங்களிலும் ஒரே நிதானத்தோடு முடிவெடுப்பதில்லை. பாபா ஷிவ், அலெக்சாண்டர் ஃபெடோரிகின் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு இலக்க எண்ணை நினைவில் வைத்திருக்கப் பணிக்கப்பட்டவர்கள், இரண்டு இலக்க எண்ணை வைத்திருந்தவர்களைவிட அதிக அளவில் பழக்கலவையைத் தவிர்த்துச் சாக்லேட் கேக்கைத் தேர்ந்தெடுத்தனர். மனம் வேறொரு சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது உடனடி இன்பமே வெல்கிறது. நாள் முழுதும் உழைத்துவிட்டு, பசியோடு, அழும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைபவரின் நிலையும் இதுவே. துயரத்தில் இருப்பவர்கள் தம்மையறியாமல் கூடுதல் விலை தர முன்வருகிறார்கள் என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. பின்னிரவில் உறக்கம் வராமல் கைப்பேசியைப் புரட்டிக்கொண்டே ஆர்டர் செய்யும் பழக்கத்தில், வாங்கப்படுவது பல வேளைகளில் பொருள் அன்று, சிறிது நேர ஆறுதல்தான்.

திரைக்குள் இருக்கும் பொறிகள்

இணையக் கடையில் தூண்டுதல் இருபத்துநான்கு மணி நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஓடிக்கொண்டே குறையும் கடிகாரம், இன்னும் இரண்டே உள்ளன என்னும் அறிவிப்பு, இத்தனை பேர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற செய்தி ஆகியவை யோசிக்கும் நேரத்தைச் சுருக்கவே அமைக்கப்படுகின்றன. இத்தகைய ஏமாற்று வடிவமைப்புகளுக்கு டார்க் பேட்டர்ன் என்ற பெயரை 2010இல் பிரிட்டனைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் சூட்டினார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. இல்லாத அவசரத்தைக் காட்டுவது, கேட்காத பொருளையோ நன்கொடையையோ கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்பவரை வெட்கப்பட வைக்கும் சொற்களைப் பயன்படுத்துவது, எளிதில் விலக முடியாத சந்தாவில் மாட்டிவைப்பது, கடைசித் திரையில் கட்டணங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவது ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றால் பாதிக்கப்பட்டோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

சட்டத்தின் பாதுகாப்புக்கு ஓர் எல்லை உண்டு. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி முறையற்ற வணிகம் ஆகும். ஆனால் குறை எதுவும் இல்லாத பொருளை அவசரப்பட்டு வாங்கிவிட்டோமே என்ற வருத்தத்துக்கு, கடையே மனமுவந்து மாற்றித் தந்தாலன்றி, நிவாரணம் கிடைப்பது அரிது. ஆகையால் யோசனை பணம் கொடுப்பதற்கு முன்பே நிகழ வேண்டும்.

தவணை மறைக்கும் விலை

கையில் பணம் இல்லாமை என்பது ஒரு காலத்தில் எல்லாவற்றையும்விட வலுவான தடுப்பாக இருந்தது. மாதத் தவணை அதையும் தளர்த்திவிட்டது. 36,000 ரூபாய்க் கைப்பேசி மாதம் 3,000 ரூபாய் என்று சொல்லப்படும்போது, மனம் முழு விலையை விட்டுவிட்டுத் தவணையை மட்டும் எடைபோடுகிறது. வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே, சுழிய வட்டி என்ற ஒன்று இல்லை என்று தெளிவுபடுத்தியது. பெரும்பாலும் அந்த வட்டி விலைக்குள் அடங்கியிருக்கும், அல்லது தள்ளுபடி என்ற பெயரில் சரிக்கட்டப்படும். அதோடு செயலாக்கக் கட்டணமும், வட்டிப் பகுதிக்கான சரக்கு மற்றும் சேவை வரியும் சேரக்கூடும். கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருபவர் நிலை இன்னும் கடினமானது. பல அட்டைகளில் மாத வட்டி 3 விழுக்காட்டைத் தாண்டுவதால், ஆண்டுக் கணக்கில் அது 36 விழுக்காட்டுக்கு மேல் போய்விடுகிறது.

ஒரு பொருள் இன்னொரு பொருளை இழுத்துவருவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் டெனி டிடரோ, புதிய மேலங்கி ஒன்று வந்தபின் தம் அறையில் இருந்த பழைய பொருள்களெல்லாம் அதற்கு ஒவ்வாதவையாகத் தோன்றி, ஒவ்வொன்றையும் மாற்ற நேர்ந்ததை ஒரு கட்டுரையில் வருந்தி எழுதினார். மானிடவியலாளர் கிராண்ட் மெக்கிராக்கன் 1988இல் இதற்கு டிடரோ விளைவு என்று பெயரிட்டார். புதுச் சோபா வந்ததும் திரைச்சீலை பழசாகத் தெரிவதும், புடவை எடுத்ததும் அதற்குப் பொருத்தமான செருப்பும் கைப்பையும் தேவையாகிவிடுவதும் இதன் அன்றாட வடிவங்களே.

இடைவெளியை மீட்கும் வழிகள்

சூழல் முழுவதும் வாங்கத் தூண்டும்போது, அந்தந்த நேரத்து மனவுறுதியை மட்டும் நம்பியிருப்பது போதாது; மனம் அமைதியாக இருக்கும் வேளையில் முடிவுகளை முன்கூட்டியே எடுத்து வைப்பதே நிலையான வழி. மளிகைப் பட்டியல் அதன் மிகப் பழைய வடிவம். அடுக்களையில் நின்று, இருப்பைப் பார்த்து எழுதும் பட்டியல், பசியாறிய பின் கடைக்குப் போவது, இரண்டு மூன்று பொருள்களுக்கு வண்டியை எடுக்காமல் கைக்கூடையை எடுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தாலே மாதச் செலவில் வேறுபாடு தெரியும். பெரிய பொட்டலம் மலிவு என்று நம்பி எடுக்காமல், உறையில் அச்சிடப்பட்டிருக்கும் அலகு விலையை, அதாவது ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிலிட்டருக்கோ ஆகும் விலையை, ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயன் தரும்.

பட்டியலுக்கு வெளியே உள்ள பொருளுக்குக் காத்திருப்புக் காலம் ஒன்றை வகுத்துக்கொள்ளலாம். சிறு செலவுக்கு ஒரு நாள், பெரிய செலவுக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டு, விரும்பிய பொருளின் பெயரையும் விலையையும் தேதியையும் நோட்டில் எழுதி வைத்தால், காலம் முடிந்து பார்க்கும்போது தேவையானது தேவையாகவே நிற்கும். கணநேர ஆசையாக இருந்தது பெரும்பாலும் தணிந்திருக்கும். எழுதுவதன் பயனை உணர்ந்தவர் ஜப்பானின் முதல் பெண் பத்திரிகையாளராகப் போற்றப்படும் ஹானி மோட்டோகோ. 1904இல் அவர் உருவாக்கிய ககேபோ என்ற குடும்பக் கணக்கேடு, செலவைத் தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதி, மாத முடிவில் அதைத் திரும்பிப் பார்க்கச் செய்கிறது. தமிழ்க் குடும்பங்களில் அஞ்சறைப் பெட்டியில் பணம் ஒதுக்கியதும், டைரியில் தினச் செலவு எழுதியதும் இதே நோக்கம் கொண்டவை.

யூபிஐ பயன்படுத்துவோர், வீட்டுச் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றை வைத்து, மாதத் தொடக்கத்தில் அதில் அளவான தொகையை மட்டும் மாற்றி, அந்தக் கணக்கையே செயலியோடு இணைத்துக்கொண்டால், இருப்பு குறைவது கண்ணில் படும். இணையக் கடைகளில் சேமித்த அட்டை விவரங்களை நீக்குவது, தள்ளுபடி அறிவிப்புகளை நிறுத்துவது, கூடையில் போட்டதை மறுநாள் காலையில் பார்த்தபின் முடிவு செய்வது ஆகியவை பறிக்கப்பட்ட அந்தச் சில நிமிடங்களை மீட்டுத் தருகின்றன. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விளக்கிய செயல்நோக்க முறையும் இங்கே உதவும். இன்ன நிலை வந்தால் இன்னது செய்வேன் என்று முன்பே சொல்லிவைப்பதே அது. தள்ளுபடிச் செய்தி வந்தால் முதலில் தேவைப் பட்டியலைத் திறப்பேன் என்று தீர்மானித்திருப்பவர், வெறுமனே செலவைக் குறைப்பேன் என்று எண்ணியிருப்பவரைவிட உறுதியாக நிற்பார்.

வீட்டாரோடு கலந்து பேசுவதும் ஓர் இடைவெளியே. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவைக் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கேட்டபின் செய்வது என்ற உடன்பாடு, ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் கண்காணிப்பாக மாறாமல், இருவருக்கும் பொதுவான நெறியாக இருக்கும்போது பலன் தரும். தீபாவளி, பொங்கல் போன்ற பண்டிகைகளுக்கு முன்கூட்டியே தொகை ஒதுக்கி, அதில் பிள்ளைகளின் பங்கு எவ்வளவு என்று சொல்லி, அவர்களையே தேர்ந்தெடுக்க விட்டால், ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விட வேண்டும் என்ற பாடத்தை அவர்கள் சிறு வயதிலேயே கற்றுக்கொள்வார்கள்.

இவ்வளவுக்கும் கட்டுப்படாமல், வாங்காவிட்டால் தவிப்பும் வாங்கியபின் குற்றவுணர்வும் மாறி மாறி வந்து, கடனையும் மறைக்கும் நிலைக்கு ஒருவர் தள்ளப்பட்டால், அதைச் சாதாரண உந்துதல் என்று கருதக் கூடாது. கட்டாயக் கொள்முதல் எனப்படும் இந்த நிலையை மருத்துவர் எமில் கிரப்பெலின் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விவரித்திருக்கிறார். அத்தகையோருக்கு அறிவுரையும் ஏச்சும் பயன்படா. மனநல மருத்துவரின் உதவி தேவை.

நிதானமாக வாங்குவது இன்பத்தைத் துறப்பதன்று. நெடுநாள் விரும்பி, தொகை சேர்த்து, தரம் பார்த்து வாங்கிய பட்டுப்புடவையோ மிதிவண்டியோ புத்தகமோ தரும் மகிழ்ச்சி, தவணைக் கவலையால் கறைபடுவதில்லை. உழைத்துச் சம்பாதித்த பணம் எதற்காகச் செலவாக வேண்டும் என்பதை, அலமாரியை அடுக்கியவரும் திரையை வடிவமைத்தவரும் முடிவு செய்ய விட்டுவிடாமல், சம்பாதித்தவரும் அவர் குடும்பமும் முடிவு செய்வது அவர்களுடைய உரிமை. அந்த உரிமையைக் காத்துக்கொள்ளப் பெரிய துறவோ செல்வமோ வேண்டியதில்லை. பணம் கொடுப்பதற்கு முன், இது நேற்றே தேவைப்பட்டதா என்று கேட்டுப் பார்க்கும் அவகாசம் போதும்.